யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாவுக்குப் பைக்கில்: காபரேட்டரை எங்கே, எப்போது, எவ்வளவு திருப்புவது

யாழ்ப்பாணத்தில் ஒழுங்காக ஓடுகிற பைக் நுவரெலியா ஏற்றத்தில் இழுக்காமல் திணறும், கறுப்பாகப் புகை தள்ளும், சந்தியில் நிறுத்தினால் ஐடில் (அக்சிலேட்டரை விட்ட நிலையில் எஞ்சின் சுற்றுகிற வேகம்) இறங்கி நின்றே போகும். பெரும்பாலும் இது பைக்கின் பழுது இல்லை. மேலே காற்று மெலிவு, காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற காபரேட்டருக்கு அது தெரியாது, அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் பயந்துபோய் வழியில் அகப்படுகிற கராஜில் எதையாவது மாற்றச் சொல்லிவிட்டால் பிறகு வருகிற செலவு பெரியது. எனக்கு அப்படித்தான் நடந்தது. ஏறும்போது ஒரு கராஜில் சின்ன மெயின் ஜெட் (காபரேட்டருக்குள் பெற்றோலை அளந்து விடுகிற துளையுள்ள பித்தளைத் துண்டு) போட்டுவிட்டார்கள், மேலே நன்றாகவே ஓடியது, இறங்கும்போது பழையதைத் திரும்பப் போட வேண்டும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது மாங்குளம் தாண்டி மத்தியான வெயிலில் எஞ்சின் கொதித்துத் தட்டத் தொடங்கி, கடைசியில் பிஸ்டன், ரிங், சிலிண்டர் போர் வேலை வரைக்கும் போய் நின்றது. அந்தக் காசும் அலைச்சலும் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்க முன் இரண்டு சொல். பெற்றோல் கூடின கலவையைக் கராஜில் ரிச் என்பார்கள், குறைந்ததை லீன் என்பார்கள். ரிச்சாக ஓடினால் புளக் கறுக்கும், பெற்றோல் வீணாகும், இழுவை குறையும். லீனாக ஓடினால் எஞ்சின் சூடேறும், கடுமையாக ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மலையில் பைக் ரிச் ஆகிறது. அதற்காகக் குறைத்துவிட்டு அப்படியே கீழே வந்தால் லீன் ஆகிறது. இரண்டாவதுதான் ஆபத்து. கீழே உள்ள எல்லா அறிவுரையும் இந்த ஒன்றைச் சுற்றியே இருக்கும்.

1. உங்கள் பைக்கில் காபரேட்டர்தானா என்று பாருங்கள்

புதிய பைக்குகளில் காபரேட்டருக்குப் பதிலாக எஃப்.ஐ., அதாவது பெற்றோலை மின்னணு முறையில் அளந்து பீச்சுகிற அமைப்பு இருக்கிறது. அதில் காற்றழுத்தத்தை அளக்கிற சென்சர் இருப்பதால் பெற்றோல் தானாகக் குறையும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, காகிதங்கள் பற்றிய பகுதியை மட்டும் வாசித்தால் போதும். நம் ஊரில் ஓடுகிற பழைய பல்சர், டிஸ்கவர், சி.டி. 100, ஸ்பிளெண்டர், முதல் வந்த எஃப்.இசட். போன்றவை எல்லாம் காபரேட்டர்.

காபரேட்டரிலும் இரண்டு வகை. அக்சிலேட்டர் கேபிள் நேராக உள்ளே காற்றுப் பாதையைத் திறந்து மூடுகிற ஸ்லைடைத் தூக்கினால் அது சாதாரண ஸ்லைட் காபரேட்டர். மேலே அகலமான கறுப்பு மூடி இருந்து, கேபிள் பக்கத்தில் ஒரு தட்டை மட்டும் திருப்பினால் அது சி.வி. காபரேட்டர், அதற்குள் மெல்லிய ரப்பர் டயஃப்ரம் ஒன்று இருக்கும். பல்சர் 150 வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்த வகைதான். சி.வி. வகை உயர மாற்றத்தை ஓரளவு தாங்கும், ஸ்லைட் வகையில் திணறல் அதிகமாகத் தெரியும்.

2. எத்தனை நாளைக்குப் போகிறீர்கள்?

இதை முதலே முடிவெடுங்கள், ஏனென்றால் வேலை முழுக்க இதில்தான் பிரிகிறது.

சில நாள் சுற்றுலா என்றால் ஜெட்டைத் தொட வேண்டாம். எயர் ஃபில்டர், புளக், ஐடில், கலவையைச் சரிசெய்கிற மிக்ஸ்சர் ஸ்க்ரூ, இந்த நாலோடு நிறுத்துங்கள். நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் ஆசிரியர் நியமனமோ அரச வேலையோ கிடைத்து மாதக்கணக்கில் இருக்கப் போகிறீர்கள், பைக்கும் அங்கேயே நிற்கும் என்றால் மட்டும் ஜெட் மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது.

ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி, குளிரையும் சேர்த்துப் பார்த்தால், நம் ஊரைவிட ஏறக்குறைய 15 வீதம் குறைவு. காபரேட்டரின் துளை மாறாததால் பெற்றோல் அதில் பாதியளவுதான், அதாவது 7, 8 வீதம்தான் தானாகக் குறையும். மிச்ச 7, 8 வீதம் தேவைக்கு மேலே எரிகிறது. மூன்று நாளில் மலையில் 200 கிலோமீற்றர் ஓடினால், லீற்றருக்கு 40 ஓடுகிற பைக்கில் 5 லீற்றர், அதில் வீண் அரை லீற்றர்கூட வராது. அதற்காகக் காபரேட்டரைக் கழற்றிப் பூட்டுவதற்குக் கூலி கொடுப்பது வீண். ஆனால் மாதம் ஆயிரம் கிலோமீற்றர் அங்கேயே ஓடுகிறவருக்கு ஒவ்வொரு மாதமும் இரண்டு லீற்றர் அளவில் போகிறது, அதோடு புளக்கும் அடிக்கடி கறுக்கும். அவருக்கு ஜெட் மாற்றின காசு சீக்கிரம் திரும்பி வரும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். என்ன செய்தாலும் அந்த 15 வீத இழுவை திரும்பி வராது. காற்று இல்லாத இடத்தில் காற்றைக் காபரேட்டர் உண்டாக்க முடியாது. டியூன் செய்வது திணறலையும் புகையையும் நிறுத்தும், அவ்வளவுதான். ஆளையும் பையையும் ஏற்றிக்கொண்டு போனால் ஒரு கியர் குறைத்துத்தான் ஏற வேண்டும். "ஜெட் போட்டால் யாழ்ப்பாணத்தில் இழுத்த மாதிரி இழுக்கும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கண்டி வரைக்கும் மட்டும் போகிறவர்களுக்கு இதில் எதுவும் தேவையில்லை. கண்டி 500 மீற்றர் அளவுதான், அங்கே கலவை 2 வீதம் அளவே மாறும், பைக்குக்குத் தெரியவும் தெரியாது. எல்ல, பண்டாரவளை என்றால் 1,000 முதல் 1,250 மீற்றர் வரை, ஐடிலைச் சரி செய்தால் பெரும்பாலும் போதும்.

3. வெளிக்கிட ஒரு வாரம் முன்பு: துப்புரவு

மலையில் டியூன் செய்ய வேண்டும் என்று வருகிற பைக்குகளில் பாதிப் பிரச்சினை உண்மையில் மலையால் வந்ததல்ல. வலிகாமப் பக்கம் ஒழுங்கைகளில் ஓடுகிற பைக்கின் எயர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், செம்மண் அப்பியிருக்கும். அடைத்த ஃபில்டரோடு பைக் ஏற்கெனவே ரிச்சாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும், தட்டையான ஊரில் அது தெரியவில்லை. அதற்கு மேலே உயரமும் சேரும்போதுதான் பைக் திணறுகிறது. ஃபில்டர் பேப்பர் வகை என்றால் புதிதாகப் போடுங்கள், பஞ்சு வகை என்றால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மெல்லியதாக எண்ணெய் தடவிப் போடுங்கள்.

ஃபில்டரையே கழற்றிவிட்டு ஓடினால் காற்று கூட வரும் என்று மலையில் சிலர் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். போகிற தூசி நேராகச் சிலிண்டருக்குள் போகும், கலவையும் எந்த அளவில் மாறும் என்று பிடி இருக்காது.

புளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி மண்ணிறமாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் சரி. கரி படிந்து கறுப்பாக இருந்தால் மலைக்குப் போக முன்னமே ரிச். வெள்ளையாக இருந்தால் லீன், அந்தப் பைக்கில் மேற்கொண்டு எதையும் குறைக்க நினைக்கக் கூடாது, காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், பல தடவை காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் வெடித்துக் காற்று இழுக்கும்.

அடுத்து சொக், அதாவது குளிரில் ஸ்டார்ட் ஆக்குவதற்காகக் கலவையை ரிச்சாக்குகிற லீவர். லீவரை விட்டால் அது முழுக்கத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள், கடற்காற்றில் துருப்பிடித்த கேபிள் பாதியில் நின்றுவிடும். பாதிச் சொக்கில் நிற்கிற பைக் மலையில் ஏறவே ஏறாது. சி.வி. காபரேட்டர் என்றால் மேல் மூடியைத் திறக்கச் சொல்லி டயஃப்ரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஊசித் துளை இருந்தாலும் ஸ்லைட் முழுக்கத் தூக்காது, இழுவை போய்விடும், அதையும் உயரத்தின் தலையில் போட்டுவிடுவோம்.

பத்து வருடத்துக்கு மேல் ஓடின பைக் என்றால் ஸ்லைடில் தொங்குகிற ஊசியும் அது உட்காருகிற பித்தளைக் குழாயும் உரசி உரசித் தேய்ந்திருக்கும். தேய்ந்தால் கால் அக்சிலேட்டரில் எப்போதும் ரிச், எந்த ஸ்க்ரூவைத் திருப்பினாலும் சரிவராது. அந்த இரண்டையும் சோடியாக மாற்றுவதுதான் வழி.

செலவு: காபரேட்டர் துப்புரவுக் கூலி கராஜுக்குக் கராஜ் மாறும், ஆகவே தொடங்க முன் கேளுங்கள், கூலி எவ்வளவு, சாமான் எவ்வளவு என்று இரண்டாகக் கேளுங்கள். காபரேட்டரின் அடியில் பெற்றோல் நிற்கிற கிண்ணத்து ரப்பர் வளையம் கூலிக்குள் வருமா என்றும் கேளுங்கள், பழையதையே திரும்பப் போட்டால் பெற்றோல் ஒழுகும். வேலை இரண்டு மணித்தியாலத்துக்குள் முடியும். சித்திரைச் சீசனில் நுவரெலியா போகிறவர்கள் புத்தாண்டு நாட்களை ஒட்டி விடாதீர்கள், கராஜும் பூட்டு, சாமான் கடையும் பூட்டு.

4. இப்போது இருக்கிற அளவை எழுதி வையுங்கள்

இதைத் தவிர்க்கவே வேண்டாம். மேலே என்ன செய்தாலும் கீழே வந்ததும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும், பழைய நிலை எதுவென்று தெரியாவிட்டால் எப்படித் திரும்புவது?

மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கண்டுபிடியுங்கள், காபரேட்டரின் பக்கத்திலோ அடியிலோ சின்னதாகத் தட்டை வாய்த் தலையோடு இருக்கும். அதன் தலையில் உள்ள வெட்டு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு, மெதுவாக உள்ளே திருப்பிக்கொண்டு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அடியில் முட்டியதும் நிறுத்துங்கள், இறுக்காதீர்கள். இறுக்கினால் கூர் நுனி முறிந்து காபரேட்டருக்குள் நின்றுவிடும், பிறகு காபரேட்டரே புதிதாக வாங்க வேண்டி வரும். எண்ணின அளவுக்கே திரும்ப வெளியே எடுங்கள். அனேகமாக ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் நடுவில் வரும். "இரண்டே கால் சுற்று வெளியே" என்பது போல எழுதி, போனில் படமும் எடுத்து வையுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆட்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஸ்க்ரூ எயர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே எடுத்தால் லீன். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெற்றோல் கலவையைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே எடுத்தால் ரிச். இரண்டும் நேர் எதிர். நண்பருடைய பைக்கில் சரிவந்தது என்று அதே பக்கம் உங்களுடையதைத் திருப்பாதீர்கள்.

கொண்டு போக வேண்டியவை: வாய் பொருந்துகிற சின்ன ஸ்க்ரூ டிரைவர், புளக் சாவி, புதிய புளக் ஒன்று, 8, 10 சாவிகள், துணி. மலிவான ஸ்க்ரூ டிரைவரால் காபரேட்டர் ஸ்க்ரூவின் தலையை வழுக்கிவிட்டால் பிறகு அதைக் கழற்றவே முடியாது.

5. காகிதங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாவுக்கு இடையில் வடக்கு, வடமத்தி, மத்தி என்று மூன்று மாகாணம் தாண்டுகிறீர்கள், வழியில் பொலிஸ் மறித்துப் பார்ப்பது சாதாரணம். சாரதி அனுமதிப்பத்திரம், வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ், மூன்றும் தவணை முடியாமல் கையில் இருக்க வேண்டும். புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் வைத்திருங்கள். பைக் உங்கள் பெயரில் இல்லை, அப்பாவுடையதோ அண்ணனுடையதோ என்றால் பதிவுப் புத்தகத்தின் பிரதி ஒன்றும் பையில் இருந்தால் பேச்சு குறையும்.

சாரதி அனுமதிப்பத்திரத்தின் பின்புறத்தை ஒருதடவை பாருங்கள். ஏ-1 வகுப்பு மட்டும் இருந்தால் அது 100 சி.சி. வரைக்கும்தான். 150 சி.சி. பைக்குக்கு ஏ வகுப்பு வேண்டும். ஊருக்குள் ஓடும்போது கவனிக்காமல் விட்டது, தூரத்தில் விபத்து ஒன்று நடந்தால் காப்புறுதிப் பணம் கேட்கிற நேரத்தில் பெரிய தலையிடியாக வரும்.

காபரேட்டர் வேலைக்கும் காகிதத்துக்கும் நேரடித் தொடர்பு ஒரு இடத்தில் இருக்கிறது. வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வருடா வருடம் புகைப் பரிசோதனை செய்ய வேண்டும், அங்கே அளப்பது கலவையைத்தான். ஆகவே தவணை பயண நாட்களை ஒட்டி வந்தால், ஃபில்டரும் காபரேட்டரும் துப்புரவாக்கின கையோடு, யாழ்ப்பாண அளவில் ஸ்க்ரூ இருக்கும்போதே பரிசோதனையை முடித்துவிட்டுப் போங்கள். கீழ்நாட்டு ஜெட்டோடு மேலே போய்ப் பரிசோதித்தால் ரிச்சாகக் காட்டும், தவற வாய்ப்பு இருக்கிறது.

6. வழியில் எதையும் தொடாதீர்கள்

"மலைக்குப் போகிறேன், இப்போதே குறைத்துவிடுங்கள்" என்று யாழ்ப்பாணத்துக் கராஜில் சொல்லாதீர்கள். அங்கிருந்து கண்டி 320 கிலோமீற்றர் அளவு. ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா, தம்புள்ளை என்று ஏ-9 வீதி முழுக்கத் தாழ்நிலம், வெயில், நீளமான நேர் பாதை, ஆள் ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓடுவார். லீனாக்கின பைக்கை அந்தத் தூரத்துக்கு ஓட்டுவது எஞ்சினைத் தெரிந்து கொல்வது. மாத்தளை தாண்டிக் கண்டி வரைக்கும் யாழ்ப்பாண அளவிலேயே வாருங்கள்.

விடியற்காலை வெளிக்கிட்டால் வெயில் ஏற முன் பாதித் தூரம் போகலாம். ஆனால் ஒரே நாளில் நுவரெலியா வரை இழுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். கண்டியிலிருந்து மேலே இன்னும் 75, 80 கிலோமீற்றர் வளைந்து வளைந்து ஏறுகிறது, பின்னேரத்தில் மழையும் பனிப்புகாரும் சேர்ந்துகொள்ளும், களைத்த கையோடு அந்த வளைவுகளில் ஏறுவது நல்லதல்ல. கண்டியில் தங்கிக் காலையில் ஏறுங்கள்.

பெற்றோல் 92 போதும். உயரத்தில் எஞ்சின் தட்டுவது குறையுமே தவிர அதிகரிக்காது, ஆகவே மலைக்கென்று 95 அடிப்பதில் ஒரு பயனும் இல்லை.

கம்பளை, புசல்லாவை தாண்டி ரம்பொடை வரும்போது 1,000 மீற்றரை ஒட்டி வந்துவிடுவீர்கள். இங்கே ஐடில் கொஞ்சம் இறங்கத் தொடங்கும். நிறுத்தினால் நின்றுபோகிறது என்றால் ஐடில் ஸ்க்ரூவை மட்டும் அரைச் சுற்று கூட்டிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் மேலே போய்ப் பார்க்கலாம்.

7. மேலே வந்த பிறகு: ஐடிலும் மிக்ஸ்சரும்

நுவரெலியாவில் தங்குமிடத்தில் பைக்கைத் தட்டையான இடத்தில் நிறுத்துங்கள். எஞ்சின் நன்றாகச் சூடாக இருக்க வேண்டும், பத்து நிமிடமாவது ஓடிவிட்டு வந்து செய்யுங்கள், குளிர்ந்த எஞ்சினில் டியூன் செய்தால் அளவு பிழைக்கும்.

ஐடிலை வழக்கத்தைவிடச் சற்றுக் கூட்டுங்கள். இப்போது மிக்ஸ்சர் ஸ்க்ரூவை லீன் பக்கமாகக் கால் சுற்று திருப்பிப் பத்து விநாடி பொறுங்கள், எஞ்சின் சத்தம் மாறுவதற்கு அவ்வளவு நேரம் எடுக்கும். வேகம் கூடினால் இன்னும் அரைக்கால் சுற்று. கூடுவது நின்று குறையத் தொடங்குகிற இடம் வரும், அங்கிருந்து ஒரு பொடி பின்னால் வந்து நிறுத்துங்கள். பிறகு ஐடிலைத் திரும்ப வழக்கமான அளவுக்கு இறக்குங்கள், பெரும்பாலான பைக்குகளுக்கு நிமிடத்துக்கு 1,400 சுற்றை ஒட்டியது. நுவரெலியா உயரத்துக்குக் கால் முதல் அரைச் சுற்றுக்குள் வேலை முடியும். ஒரு சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டி வந்தால் பிரச்சினை உயரத்தில் இல்லை, மூன்றாவது பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

அக்சிலேட்டரைத் திடீரென்று முறுக்கிப் பாருங்கள். தயங்காமல் ஏறினால் சரி. முறுக்கினதும் மூச்சடைத்து விழுகிறது, விட்டால் சுற்று கீழே வராமல் தொங்குகிறது என்றால் அளவுக்கு மீறி லீன் ஆக்கிவிட்டீர்கள், கொஞ்சம் திரும்ப வாருங்கள்.

காலையில் குளிரில் சொக் போட்டுத்தான் ஸ்டார்ட் வரும், நம் ஊரில் சொக்கே தொடாமல் பழகினவர்களுக்கு இது புதிது. ஒன்றிரண்டு நிமிடம் சூடானதும் மறக்காமல் இறக்கிவிடுங்கள்.

சுற்றுலாப் பயணிகளுக்கு இவ்வளவுதான். ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீற்றர், அங்கே போனாலும் இதே அளவு போதும். நேராகப் பத்தாவது பகுதிக்குப் போங்கள்.

8. ஊசி (தங்குகிறவர்களுக்கு)

ஐடில் ஸ்க்ரூவும் மிக்ஸ்சரும் அக்சிலேட்டர் மூடியிருக்கும்போதும் கொஞ்சம் திறந்திருக்கும்போதும்தான் வேலை செய்யும். கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை ஊசிதான். நகரத்துக்குள்ளும் தோட்டப் பாதைகளிலும் ஆள் ஓடுவது பெரும்பாலும் இந்தப் பங்கில்தான், ஆகவே மெயின் ஜெட்டுக்கு முன் ஊசியைப் பாருங்கள், காசும் செலவாகாது.

ஸ்லைட் காபரேட்டர் என்றால் மேல் மூடியைத் திறந்து ஸ்லைடை எடுத்தால் ஊசியில் நாலைந்து பள்ளமும், ஒன்றில் ஒரு கிளிப்பும் இருக்கும். கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்றினால் ஊசி கீழே இறங்கும், பெற்றோல் குறையும். ஒரு பள்ளத்துக்கு மேல் மாற்றாதீர்கள். சி.வி. காபரேட்டர்கள் பலவற்றில் ஒரே பள்ளம்தான், அதில் வாஷர் வைத்து ஊசியைத் தூக்கலாமே தவிர இறக்க முடியாது, எங்களுக்கு வேண்டியது இறக்குவது. அப்படியானதை விட்டுவிடுங்கள்.

9. மெயின் ஜெட் (தங்குகிறவர்களுக்கு மட்டும்)

அக்சிலேட்டர் முக்காலுக்கு மேல் திறந்திருக்கும்போது மட்டும்தான் மெயின் ஜெட் பேசும். முழு அக்சிலேட்டரில் விக்கி விக்கி ஓடுகிறது, கொஞ்சம் மூடினால் நன்றாக இழுக்கிறது என்றால் மெயின் ஜெட் பெரிது என்று அர்த்தம்.

கிண்ணத்தைக் கழற்றினால் நடுவில் பித்தளையில் தெரியும், தலையில் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணையும் காபரேட்டர் கெய்ஹினா மிக்குனியா என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள். இரண்டு கம்பனியும் எண் போடுகிற முறை வேறு, கெய்ஹின் 100க்கும் மிக்குனி 100க்கும் சம்பந்தமில்லை, கடைக்காரர் "எண் ஒன்றுதானே" என்று மற்றதைத் தந்தால் வாங்காதீர்கள். நுவரெலியா உயரத்துக்கு ஒரு படி, கூடினால் இரண்டு படி சின்னது. கெய்ஹினில் 100 இருந்தால் 98 அல்லது 95 என்கிற அளவு. பண்டாரவளை, ஹட்டன் என்றால் ஒரு படிக்கு மேல் வேண்டாம்.

ஜெட் பெரிய விலை இல்லை, ஆனால் தேவையான எண் யாழ்ப்பாணத்தில் உடனே கிடைப்பது அருமை, கேட்டு எடுப்பிக்க வேண்டும். கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் ஆள் இருந்தால் வாங்கிப் பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லலாம். ஆகவே நியமனக் கடிதம் வந்த உடனேயே இதைத் தொடங்குங்கள், வெளிக்கிடுகிற வாரத்தில் தேடினால் கிடைக்காது. கம்பனி எண் எதுவும் பொறிக்காத மலிவு ஜெட்டை வாங்க வேண்டாம், துளை சரியாக இருக்காது. பழைய ஜெட்டில் ஈயம் பற்றவைத்துத் துளைத்துத் தருகிறேன், கம்பி ஒன்றை உள்ளே விட்டுச் சின்னதாக்கித் தருகிறேன் என்று சொல்கிறவர்களிடமும் பைக்கைக் கொடுக்காதீர்கள்.

கழற்றும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், தாங்கியின் பெற்றோல் டப்பை மூடிவிட்டு வெளியில் திறந்த இடத்தில் செய்யுங்கள், குளிர் என்று அறைக்குள்ளோ கொட்டிலுக்குள்ளோ அடுப்புக்குக் கிட்டவோ வைத்துச் செய்ய வேண்டாம்.

மாற்றின பிறகு சில நாள் ஓடிவிட்டுப் புளக்கைப் பாருங்கள். மண்ணிறம் வந்தால் சரி. வெள்ளை வெளிறினால் ஒரு படி பெரியதற்குத் திரும்புங்கள். கழற்றின பழைய ஜெட்டை எண் எழுதின சின்னப் பையில் போட்டுச் சீட்டுக்குக் கீழே வையுங்கள், கராஜில் விட்டுவிட்டு வராதீர்கள்.

இழுவை இன்னும் போதாது, தினமும் ஏற்றத்தில்தான் வேலை என்றால், முன்பக்கச் சின்னப் பல்சக்கரத்தை ஒரு பல் குறைந்ததாக மாற்றுவது காபரேட்டரில் எதைச் செய்வதையும்விடப் பலன் தரும். உச்ச வேகம் குறையும், மலையில் அது வேண்டியும் இராது.

10. இறங்கும்போது

சுற்றுலா போனவர்கள் நுவரெலியாவிலிருந்து வெளிக்கிடும் காலையிலேயே மிக்ஸ்சர் ஸ்க்ரூவை எழுதி வைத்த பழைய அளவுக்குத் திருப்பிவிடுங்கள். கண்டி வரை கொஞ்சம் ரிச்சாக ஓடும், பரவாயில்லை. கீழே போய்ப் பார்க்கலாம் என்று விட்டால் கண்டியில் மறப்பீர்கள், தம்புள்ளையில் சாப்பாட்டோடு மறப்பீர்கள், பிறகு வவுனியா வெயிலில் பைக்தான் ஞாபகப்படுத்தும். ஐடில் மட்டும் கீழே வரக் கூடிக்கொண்டு போகும், கண்டியில் அதை இறக்குங்கள்.

ரம்பொடை இறக்கத்தில் இரண்டாம், மூன்றாம் கியரில் எஞ்சினைப் பிடித்து இறங்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பினால் சூடாகி வழுக்கும். அக்சிலேட்டரை மூடி இறங்கும்போது சைலன்சரில் தொடர்ந்து பட் பட் என்று வெடித்தால் இன்னும் லீனாக இருக்கிறது என்று அர்த்தம், நிறுத்தி ஸ்க்ரூவைப் பாருங்கள்.

மலையில் தங்கி வேலை செய்கிறவர்கள் விடுமுறைக்குப் பைக்கிலேயே ஊருக்கு வருவதென்றால் மெயின் ஜெட்டையும் ஊசியையும் பழையபடி மாற்றாமல் ஏ-9இல் இறங்கவே கூடாது. ஒரு மணித்தியால வேலை, மேலேயே முடியுங்கள். அந்த வேலைக்கு நேரமில்லை என்றால் பைக்கை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வாருங்கள். எல்லாம் மீறி லீனான பைக்கோடு கீழே அகப்பட்டுவிட்டால் மணிக்கு 40க்கு மேல் போகாமல், அரை அக்சிலேட்டருக்கு மேல் திறக்காமல், அரை மணிக்கு ஒருதடவை நிழலில் நிறுத்தி ஆறவிட்டுக் கிட்டிய நல்ல கராஜ் வரைக்கும் மட்டும் வாருங்கள். ஏற்றத்தில் அக்சிலேட்டர் கூட்டும்போது எஞ்சினில் கிணு கிணு என்று தட்டுகிற சத்தம் கேட்டால் அதற்கு மேல் ஒரு கிலோமீற்றரும் ஓட வேண்டாம், லொறியில் ஏற்றுகிற கூலி பிஸ்டன் வேலையைவிடக் குறைவு.

ஊருக்கு வந்ததும் எயர் ஃபில்டரை மறுபடி ஒருதடவை திறந்து தட்டிவிட்டு, ஒரு வாரம் ஓடிப் புளக்கின் நிறத்தைப் பாருங்கள். போக முன் இருந்த அதே மண்ணிறம் என்றால் கலவை பழைய இடத்துக்கு வந்துவிட்டது.